மிஸ்ஸியிட்ட கேளுங்கோ: கல்யாணம் முடிக்காட்டியும் கிளினிக்குக்குப் போகலாம்

இந்த மாசம் வந்த கடிதம், வட்ஸப் வொய்ஸ் எல்லாத்தையும் ஒண்டா வச்சுப் பாத்தா ஆளுக்கொரு வருத்தம், ஆனா உள்ளுக்க இருக்கிற பயம் எல்லாருக்கும் ஒண்டுதான், போனா ஆரும் கண்டிருவினமோ, வீட்டில சொல்லிப்போடுவினமோ எண்டது. வழக்கம்போல பேர் போடேல்ல, இடம் மட்டும்தான். நீளமான கடிதங்களைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு 20 வயசு. வவுனியாவிலயிருந்து வந்து போர்டிங்கில நிண்டு படிக்கிறன். பீரியட்ஸ் ஒழுங்கா வாறேல்ல, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, சிலநேரம் மூண்டு மாசமும் போயிடும். எங்கட லேனுக்கு ஒரு மிட்வைஃப் மிஸ் வாறவ, ஆனா மேல்மாடியில பேபி இருக்கிற அக்காவை மட்டும் பாத்திட்டுப் போயிடுவா. நான் அவவிட்டக் கேக்கலாமா, இல்லாட்டிக் கல்யாணம் முடிச்ச ஆக்களுக்கு மட்டும்தானா? போர்டிங் அன்ரியிட்டச் சொல்லிடுவாவோ எண்டும் பயமாக் கிடக்கு.
— வெள்ளவத்தை

பதில்: தாராளமாக் கேக்கலாம் தங்கச்சி. அவ மேல்மாடிக்கு மட்டும் போறதுக்குக் காரணம் அவவின்ட பதிவேடு. எங்கட நாட்டில இந்த எம்.ஓ.எச் முறை, அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி எண்ட முறை, 1926ல களுத்துறையில தொடங்கினது, அந்தக் காலத்தில பிள்ளைப்பேறில தாயும் சிசுவும் சாகிறதுதான் பெரிய பிரச்சினை, அதால மிட்வைஃபின்ட வேலையும் கர்ப்பிணி, குழந்தை, குடும்பத் திட்டம் எண்டு அதைச் சுத்தியே வளந்திட்டுது. இப்பவும் ஒரு மிட்வைஃபுக்கு 3000 பேர் அளவில, சில இடத்தில அதுக்கும் கூட. பிள்ளை பெறுற வயசில இருக்கிற குடும்பங்களின்ட பேர்தான் அவவின்ட கொப்பியில இருக்கும், போர்டிங்கில நிக்கிற பிள்ளையின்ட பேர் அதில வராது. கொப்பியில இல்லையெண்டா உங்களுக்கு உரிமை இல்லையெண்டு அர்த்தமில்லை.

படிக்கட்டில மறிச்சுக் கேக்காதேங்கோ, அங்க அன்ரியின்ட காது இருக்கும். "மிஸ், எந்தக் கிளினிக்கில எப்ப இருப்பீங்க" எண்டு மட்டும் கேட்டிட்டு அங்க போங்கோ. கொழும்பு மாநகர சபைக்கெண்டு சுகாதாரப் பிரிவும் தாய் சேய் கிளினிக்குகளும் தனியா இருக்கு. அது சரிவராட்டி இளவயசு ஆக்களுக்கெண்டே சுகாதார அமைச்சு வச்சிருக்கிற "யொவுன் பியச" நிலையங்கள் ஆஸ்பத்திரியளிலயும் எம்.ஓ.எச் ஆபீஸ்களிலயும் இருக்கு, எல்லா நாளும் திறந்திருக்கும் எண்டில்லை, போன் பண்ணி நாள் கேட்டிட்டுப் போங்கோ. கொழும்பு 7 புல்லர்ஸ் லேனில குடும்பத் திட்டமிடல் சங்கத்தின்ட கிளினிக்கும் இருக்கு, 1953ல தொடங்கின சங்கம் அது.

ஒண்டு சொல்லிவிடுறன். தாய் சேய் கிளினிக் எண்டா வாங்கில இருக்கிற எல்லாருக்கும் வயிறு முன்னால இருக்கும், நிறை பாக்கிற தராசுக்குப் பக்கத்தில நிக்கிறவ உங்களையும் பாத்து "எத்தினை மாசம்?" எண்டு சத்தமாக் கேப்பா. அவ கெட்ட ஆள் இல்லை, காலமையிலயிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறா. "மட்ட தனியம கதா கரண்ட ஓனே மிஸ்" (எனக்குத் தனியாக் கதைக்கோணும் மிஸ்) எண்டு சிங்களத்தில சொல்லுங்கோ, தனியா ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போவினம். உள்ளுக்குப் போனா உங்கட கதையை வெளியில சொல்ல அவைக்கு உரிமை இல்லை.

போக முதல் கடைசியா வந்த நாலைஞ்சு பீரியட்ஸின்ட திகதியை போனில எழுதி வச்சிருங்கோ. பெரிய பிள்ளையாகி முதல் ரெண்டு மூண்டு வருஷம் முன்னுக்குப் பின்னா வாறது சாதாரணம், 20 வயசில ரெண்டு மூண்டு மாச இடைவெளி தொடர்ந்து வந்தா பாக்கத்தான் வேணும். தைரொயிட், சினைப்பையில நீர்க்கட்டி எண்டு சொல்லுற பிரச்சினை, திடீரெண்டு நிறை கூடுறது குறையுறது, சோதனைக் காலத்தில சாப்பிடாமக் கிடக்கிறது, இப்பிடிக் கனக்கக் காரணம் இருக்கலாம். நாடியில முடி வளருதோ, பருக் கூடிட்டுதோ எண்டும் கேப்பினம். கர்ப்பமா இருக்கலாமோ எண்டும் கேப்பினம், கோவம் வரும்தான், ஆனா அது எல்லாரிட்டையும் கேக்கிற கேள்வி.

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறா. ஸ்கூல்ல இருந்து ஒரு ஃபோர்ம் குடுத்து விட்டிருக்காங்க, கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ஊசியாம். அவ இன்னும் பெரிய பிள்ளையாகக்கூட இல்ல மிஸ்ஸி, இந்த வயசுல எதுக்கு இது? பிற்காலத்துல பிள்ளை தங்காதுன்னு எங்க வட்ஸப் குரூப்ல ஒரு ஆள் போட்டிருந்தாங்க.
— ஒரு அம்மா, கொட்டாஞ்சேனை

பதில்: கையெழுத்து வச்சு நாளைக்கே குடுத்து விடுங்கோ. 2017ல இருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளையளுக்கு அரசாங்கம் குடுக்கிற ஊசி இது, ஆறு மாச இடைவெளியில ரெண்டு தரம், இலவசம். எச்.பி.வி எண்டொரு வைரஸ்தான் இந்தக் கேன்சருக்குக் காரணம், இந்தக் கேன்சர் வந்த நூறு பேரை எடுத்தா, 70 பேருக்குக் கிட்ட அதைக் கொண்டுவந்தது அந்த வைரஸின்ட 16, 18 எண்ட ரெண்டு வகையும்தான். அது உடலுறவால பரவுற வைரஸ், உடம்புக்குள்ள வந்தாப் பிறகு ஊசி போட்டு அதை வெளியில எடுக்க ஏலாது, அதாலதான் கனக்க வருஷத்துக்கு முதலே போடுறது. சின்ன வயசில எதிர்ப்புச் சக்தியும் நல்லா வரும். மகள் இப்பவே என்னவோ செய்யப்போறா எண்டு ஆரும் நினைச்சுப் போடேல்ல.

பிள்ளை தங்காது எண்டது சுத்தப் பொய். கர்ப்பப்பை வாய்க் கேன்சர் வந்து கர்ப்பப்பையை எடுத்தா, கதிர் வைத்தியம் குடுத்தாத்தான் பிள்ளைக்கு வழியில்லாமப் போகும், குரூப்பில போட்டவவிட்ட அதைச் சொல்லுங்கோ. ஊசி போட்ட கை நோகும், லேசாக் காய்ச்சல் வரலாம், சில பிள்ளையள் பயத்தில தலைசுத்தி விழும், அதால அண்டைக்குக் காலமை வடிவாச் சாப்பிட வச்சு அனுப்புங்கோ. அதோட உங்களுக்கு 35 வந்திட்டுதெண்டா எம்.ஓ.எச்சில நடக்கிற சுவநாரி கிளினிக்குக்கு நீங்களும் போங்கோ. 1996ல இருந்து நடக்குது, 35லயும் 45லயும் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்கிறவை. மகளுக்கு ஊசியெண்டா ஆயிரம் கேள்வி கேக்கிற அம்மாமார் தங்கட பரிசோதனைக்கு மட்டும் "நேரமில்லை மிஸ்" எண்டுவினம்.

கேள்வி: எனக்கு 23. ஊரு ஹட்டன், புறக்கோட்டையில புடவைக் கடையில வேல. போன வாரம் கூட்டாளிமாரோட ஒரு எடத்துக்குப் போனேன், கொண்டம் போடல. இப்ப ஒண்ணுக்குப் போனா எரியுது, சீழ் மாதிரியும் வருது. பார்மசில சொல்லி ரெண்டு நாளைக்கு அன்டிபயோட்டிக் குளிசை வாங்கிப் போட்டேன், கொறைஞ்ச மாதிரி இருந்திச்சு, திரும்ப வந்திருச்சு. எங்க போறது, யாருகிட்ட சொல்றது மிஸ்ஸி?
— புறக்கோட்டை

பதில்: தம்பி, மிச்சக் குளிசையைப் போடாமல் அப்பிடியே கையில எடுத்துக்கொண்டு போங்கோ, என்ன குடுத்தவை எண்டு டொக்டர் பாக்கோணும். இடம் கொழும்பு 10 டி சேரம் பிளேஸ், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட, தேசிய பாலியல் நோய் எயிட்ஸ் தடுப்புத் திட்டத்தின்ட மத்திய கிளினிக். புறக்கோட்டையில பஸ் ஏறி மருதானைப் பக்கம் இறங்கினா நடந்தே போகலாம். ஆரின்டயும் கடிதம் தேவையில்லை, காசு தேவையில்லை, உங்கட முதலாளிக்கோ வீட்டுக்கோ தகவல் போகாது.

நீங்க சொல்லுற மாதிரிப் பாத்தா கொனோரியாவா இருக்கலாம், கிளமிடியாவும் சேந்து இருக்கலாம், டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும், ரெண்டையுமே முழுசா மாத்தலாம். ஆனா கொனோரியாக் கிருமி பழைய குளிசை கனக்கத்துக்கு இப்ப அசையாது, நீங்க ரெண்டு நாள் போட்டிட்டு விட்டதால கொஞ்சம் அடங்கி திரும்ப வந்திருக்கு, இப்பிடி விட்டா விதைப்பை வீங்கும், பிள்ளை பெறுறதிலயும் பிரச்சினை வரலாம். எச்.ஐ.வி, சிபிலிஸ் ரெண்டுக்கும் ரத்தம் எடுப்பினம், இப்ப ஒண்டும் இல்லையெண்டு வந்தாலும் மூண்டு மாசத்தில திரும்ப ஒருக்காக் குடுங்கோ, ஏனெண்டா எச்.ஐ.வி ரத்தத்தில தெரிய நேரம் எடுக்கும். எச்.ஐ.வி தொத்தாமத் தடுக்கிற மருந்து ஒண்டு இருக்கு, அதை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கோணும், உங்களுக்கு அந்த நேரம் போயிட்டுது, ஆனா கூட்டாளிமாருக்குச் சொல்லி வையுங்கோ. சுகமாகி டொக்டர் சொல்லும் வரைக்கும் ஆரோடயும் சேராதேங்கோ. கூட்டாளிமாரையும் கையோட கூட்டிக்கொண்டு போங்கோ, அவைக்கு எரியேல்ல எண்டதுக்காக வருத்தம் இல்லை எண்டில்லை.

கேள்வி: தங்கச்சி பெரிய பிள்ளையாகி ஒரு மாசம். அம்மம்மா ஒவ்வொரு நாளும் காலமை பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கிறா, அவ ஓங்காளிக்கிறா. பீரியட்ஸ் நேரம் தலை முழுகவும் விடுறா இல்லை.
— பம்பலப்பிட்டி

பதில்: அம்மம்மாவோட சண்டை பிடிக்காதேங்கோ, முட்டையை அவிச்சுக் குடுக்கச் சொல்லுங்கோ. பச்சை முட்டையில கிருமி இருக்கலாம், அவிச்சா சத்து ஒண்டும் ஓடிப்போகாது. நல்லெண்ணெயை உழுத்தங்களியில விட்டுக் குடுத்தா தங்கச்சியே கேட்டு வாங்கிச் சாப்பிடுவா. தலை முழுகலாம், எந்த நாளும் குளிக்கலாம், பேட்டை நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தோணும், ஸ்கூலில மாத்த இடம் வசதியில்லையெண்டு பின்னேரம் வரைக்கும் ஒண்டோடயே இருக்கிற பிள்ளையள் கனக்க. சோறு சாப்பிட்ட கையோட பிளேன்டீ குடிக்கிற பழக்கத்தை நிப்பாட்டுங்கோ, சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கிறதை அது குறைக்கும். ஸ்கூலில இரும்புச்சத்துக் குளிசை குடுத்தா வாங்கிப் போடச் சொல்லுங்கோ.

கேள்வி: ஆவணியில எனக்குக் கல்யாணம், எனக்கு 26, அவருக்கு 29. ரெண்டு வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம் எண்டு நாங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்திட்டம். வருங்கால மாமியார் குளிசை போட்டா பிறகு பிள்ளையே பிறக்காது எண்டுறா. கல்யாணத்துக்கு முதலே கிளினிக்குக்குப் போனா என்ன நினைப்பினம்?
— தெஹிவளை

பதில்: நல்ல பிள்ளையள் எண்டு நினைப்பினம் மகள். புதுசாக் கல்யாணம் முடிக்கிற ஆக்களை வரச்சொல்லி எம்.ஓ.எச்காரர் தாங்களே கூப்பிடுறவை, கூப்பிட்டும் போறவை குறைவு. நிறை, பிரஷர், சீனி, ரத்தம் எல்லாம் பாப்பினம், ருபெல்லா ஊசி போட்டதோ எண்டு கேப்பினம். ரெண்டு பேருமாப் போய் தலசீமியா எண்ட பரம்பரை ரத்த நோய்க்கான டெஸ்ட்டும் கேளுங்கோ, எங்கட சனம் சாதகம் பாக்க ஓடுற ஓட்டத்தில கால்வாசி இதுக்கு ஓடினாப் போதும். ரெண்டு பேரும் அந்த நோயைக் காவுற ஆக்களெண்டா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு வாய்ப்பு கடுமையான தலசீமியா வாறதுக்கு, அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்தோணும். இது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

மாமியார் சொல்லுறது சரியில்லை. குளிசையை நிப்பாட்டினா அடுத்தடுத்த மாசமே பிள்ளை தங்கலாம், அதாலதான் ரெண்டு நாள் மறந்தாலே பயப்பிடுறது. டெப்போ ஊசி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, அதை நிப்பாட்டினா வழமைக்கு வர கொஞ்சம் செல்லும், சிலருக்கு ஒரு வருஷமும் எடுக்கும், ரெண்டு வருஷத்தில பிள்ளை வேணும் எண்டு நாள் வச்சிருக்கிற உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டன். கையில தோலுக்குக் கீழ வைக்கிற ஜடேல் 5 வருஷம் வேலை செய்யும், கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற லூப் 10 வருஷம், ரெண்டையும் இடையில எடுத்தா எடுத்ததுதான், திரும்பப் பிள்ளை தங்கும். பிள்ளை பெறாத ஆக்களுக்கும் லூப் போடலாம், மிட்வைஃபிட்டக் கேளுங்கோ. கடும் ஒற்றைத் தலைவலி, பிரஷர் இருந்தா குளிசைக்கு முதல் கட்டாயம் சொல்லோணும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, கொண்டமும் ஒரு வழிதான், கதவடியில போனோட நிக்காம உள்ளுக்கு வந்து இருக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: எனக்கு 21. நானும் என்ட போய்ஃபிரெண்டும் மாசத்தில ரெண்டு மூண்டு தரம் அவசரக் குளிசைதான் பாவிக்கிறம். இப்ப பீரியட்ஸ் எல்லாம் குழம்பிட்டுது. பார்மசிக்காரர் பாக்கிற பார்வையில கொண்டம் வாங்கவே வெக்கமா இருக்கு, அதான் அவர் குளிசையை மட்டும் வாங்கி வாறவர்.
— கிருலப்பனை

பதில்: குளிசை வாங்க வெக்கமில்லை, கொண்டம் வாங்க வெக்கம், இது என்ன நியாயம் எண்டு அவரிட்டக் கேளுங்கோ. போஸ்டினோர் மாதிரி அவசரக் கருத்தடைக் குளிசை முட்டை வெளிவாறதைப் பிந்தப்பண்ணும், அவ்வளவுதான் அதின்ட வேலை. 72 மணித்தியாலத்துக்குள்ள எவ்வளவு கெதியாப் போடுறீங்களோ அவ்வளவு நல்லம், போட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தா திரும்பப் போடோணும். முட்டை ஏற்கெனவே வெளியில வந்திட்டா அது உதவாது, தங்கின கருவையும் கலைக்காது. மாசம் ரெண்டு மூண்டு தரம் எண்டா பீரியட்ஸ் குழம்பாம என்ன செய்யும், அதோட தினக் குளிசை, ஜடேல் அளவுக்கு அது காப்பாத்தவும் மாட்டுது. கிளினிக்குக்குப் போய் ஒழுங்கான ஒண்டைத் தொடங்குங்கோ. கொண்டத்தையும் விடாதேங்கோ, மற்றது எதுவும் நோயைத் தடுக்காது.

ஒரு கிழமை பிந்தினா சிறுநீர் டெஸ்ட் ஒண்டு செய்யுங்கோ, காலமை முதல் சிறுநீரில. கர்ப்பமெண்டு வந்தா நேர டொக்டரிட்டப் போங்கோ, மறைஞ்சு விக்கிற குளிசைப் பக்கம் போகவேண்டாம். 1883ல எழுதின தண்டனைச் சட்டக்கோவையின்ட 303ம் பிரிவுதான் இண்டைக்கும், தாயின்ட உயிரைக் காப்பாத்த மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடம், அதாலதான் அந்தக் கள்ள வியாபாரம் நடக்குது, என்ன குளிசை எண்டே தெரியாமப் போட்டு ரத்தம் ஓட ஓட வந்த பிள்ளையளை நான் கண்டிருக்கிறன். அப்பிடி ஆருக்கும் கடுமையா ரத்தம் போனா, காய்ச்சல் வந்தா, வீட்டில ஒளிச்சு வைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, சிகிச்சை தருவினம்.

கேள்வி: நான் ரியூசன் குடுக்கிறனான். என்னட்டப் படிக்கிற 15 வயசுப் பிள்ளை ஒண்டு, சொந்தக்காரர் ஒராள் தன்னோட பிழையா நடக்கிறார் எண்டு அழுதுது. ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ எண்டு கையைப் பிடிச்சு அழுறா. நான் என்ன செய்ய?
— ஒரு ரீச்சர், மட்டக்குளி

பதில்: மேல எல்லாருக்கும் "வெளியில போகாது" எண்டு எழுதின நான் உங்களுக்கு வேற பதில்தான் தரவேணும். 16 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை எண்டா சட்டம் வேற, பிள்ளை சம்மதிச்சாலும் அது குற்றம்தான், 1995ல திருத்தின சட்டம். அதால "ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்" எண்டு வாக்குக் குடுக்காதேங்கோ, "உன்னைக் காப்பாத்தக்கூடிய ஆக்களிட்ட மட்டும் சொல்லுவன், நானும் கூட வருவன்" எண்டு சொல்லுங்கோ. இண்டைக்கே 1929க்கு எடுங்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ட இலக்கம். பெரிய ஆஸ்பத்திரியளில "நட்பு நிலையம்" எண்டு இருக்கு, சிங்களத்தில மிதுரு பியச, வன்முறைக்கு ஆளான ஆக்களைப் பாக்கவெண்டே பழக்கின தாதிமார் அங்க இருப்பினம். நீங்களே துருவித் துருவிக் கேக்காதேங்கோ, பிள்ளை திரும்பத் திரும்ப அதையே சொல்லவேண்டி வரும். அந்தாளின்ட வீட்டில போய்ச் சண்டை போடுறதும் வேண்டாம், பிள்ளையைத்தான் முதல்ல ஒளிப்பினம்.

கேள்வி: மிஸ்ஸி எனக்கு 21, சுய இன்பம் செய்தா நரம்புத் தளர்ச்சி வருமாம், பஸ் ஸ்டான்டில நோட்டீஸ் குடுத்தாங்க, 40 நாள் மருந்தாம்.
— தெமட்டகொடை

பதில்: வராது. நித்திரையில விந்து போறதும் வருத்தம் இல்லை. நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டிட்டுக் காசைப் பத்திரமா வையுங்கோ.

கேள்வி: நான் போன வருஷம்தான் மிட்வைஃபா டியூட்டிக்கு வந்தனான். என்ட ஏரியாவில பெரிய தொடர்மாடி ஒண்டு இருக்கு. கல்யாணம் முடிக்காத பிள்ளையள் லிஃப்ட் அடியில நிண்டு ரகசியமாக் கேள்வி கேக்குதுகள், நான் பதில் சொன்னா எங்கட சீனியர் ஒராள் "இதெல்லாம் சொல்லிக் குடுத்தா பிள்ளையள் கெட்டுப்போகும், உன்ட வேலை கர்ப்பிணிமார்" எண்டு ஏசுறா. நான் செய்யிறது பிழையா அக்கா?
— கொழும்பு வடக்கு

பதில்: பிழை இல்லை. எச்.ஐ.வியும் சிபிலிசும் தாயிலயிருந்து பிள்ளைக்குப் போறதை ஒழிச்ச நாடு எண்டு 2019ல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் குடுத்தது, மாடி மாடியா ஏறி ஒவ்வொரு கர்ப்பிணியையும் ரத்தம் குடுக்க அனுப்பினது உங்களை மாதிரி ஆக்கள்தான். அதே மாடியில பக்கத்துக் கதவில நிக்கிற 19 வயசுப் பிள்ளைக்கு மட்டும் பதில் இல்லையெண்டா, ரெண்டு வருஷத்தால அவ கர்ப்பிணியா வரேக்க எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்கோணும். கெட்டுப்போறதுக்கு எங்களிட்ட வந்து பாடம் கேக்கத் தேவையில்லை, போன் எல்லார்ட கையிலயும் இருக்கு, கண்ட வீடியோவில பாத்ததைச் சரியோ எண்டு கேக்கத்தான் லிஃப்ட் அடிக்கு வாறவை.

லிஃப்ட் அடியில பதில் சொல்லாதேங்கோ, அது மட்டும் மாத்தவேண்டியது. சனம் குறைஞ்ச நேரமாப் பாத்து கிளினிக்குக்கு வரச்சொல்லுங்கோ. வந்தவுடன கல்யாணம் முடிச்சிட்டியா எண்டு கேக்காதேங்கோ, கடைசி பீரியட்ஸ் எப்ப, என்ன கரைச்சல் எண்டு தொடங்குங்கோ, மிச்சத்தை அவையே சொல்லுவினம். அம்மா கூட வந்தா ரெண்டு நிமிசம் வெளியில இருக்கச் சொல்ல ஒரு சாட்டு வேணும், "நிறை பாத்திட்டுக் கூப்பிடுறன் அம்மா" எண்டு சொன்னா ஒருத்தரும் மறுக்கமாட்டினம். ஆர் வந்தது, என்ன கேட்டது எண்டு உங்கட கூட்டத்தில பகிடிக்கும் சொல்லிப்போடாதேங்கோ, தொடர்மாடியில ஒரு பிள்ளைக்கு நடந்தா மற்றப் பத்துப் பிள்ளையளும் வாறதை விட்டிடுவினம். சீனியரோட வாக்குவாதப்பட்டுச் சரிவராது, உங்கட ஏரியா பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியிட்டப் போய் "யொவுன் பியசவுக்கு ஆக்களை எப்பிடி அனுப்புறது, எனக்கு அந்தப் பயிற்சி தருவீங்களோ" எண்டு கேளுங்கோ. எழுத்தில கேட்டா இன்னும் நல்லம், அந்தக் கடிதத்தின்ட பிரதி ஒண்டை நீங்களும் வச்சுக்கொள்ளுங்கோ.